கார் கூரைக்கு வெட்டிய அட்டை

எல்லோர் கைக்கும் செல்போன் வந்த புதிதில், எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அதன் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வைக்க ஆசைப்பட்டு, கட்டிங் மாஸ்டரான என்னிடம் கூரையை அறுக்க அளவு அட்டை கேட்டார். அவர் வாங்கி வந்த கண்ணாடியை மூன்று முறை அளந்து, அட்டையை வெட்டிக் கொடுத்தேன். கார் பட்டறைக்காரர் அதைக் கூரைமேல் வைத்துக் கோடு போட்டுத் தகரத்தை அறுத்தார். கண்ணாடியைப் பொருத்தப் போனால், அது ஓட்டை வழியாக நேராகச் சீட்டில் போய் விழுந்தது.

"கோட்டைத் தாண்டி அறுத்துப்போட்டீங்க!" என்று பட்டறைக்காரர்மேல் பாய்ந்தேன்.

"இல்லீங்க, நீங்களே அட்டைய வெச்சுப் பாருங்க."

வைத்தேன். ஓட்டைக்குக் கச்சிதமாக இருந்தது. கண்ணாடியை மறுபடி அளந்தேன். நான் குறித்த அளவேதான். இரண்டும் சரியென்றால் எதுதான் தப்பு?

முதலாளி அட்டையை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தார். நாலு பக்கமும் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துவைத்தால் சுருங்குமென்று பனியன் துணிக்கு நான் எப்போதும் கூட்டி வெட்டும் அதே விரற்கடை.

முதலாளி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், காரை எத்தனை வாட்டி துவைச்சாச் சுருங்குமுங்க?"