அத்தை கலக்கிய காப்பி

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு கொலை நடந்தது. நடந்தது என்றால், டிவிக்காரர்கள் வந்து நடத்திவிட்டுப் போனார்கள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் நான் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் டிவியில் நாலு வார்த்தை ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நிகழ்ச்சி வரும். எங்காவது நடந்த கொலையையோ கொள்ளையையோ எடுத்து ஆட்களை வைத்து நடிக்கவிடுவார்கள். நடுநடுவே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் இருட்டுக்குள் நின்றுகொண்டு, "அவள் கலக்கியது கருப்பட்டியா, இல்லை காலனா?" என்கிற மாதிரி நம்மைப் பார்த்துக் கேட்பார். எங்கள் தெருவே மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு அவருக்குப் பதில் சொல்லும். அவர் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள். கோர்ட்டு என்று ஒன்று எதற்குத் தனியாக இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு.

அந்தத் தடவை அவர்கள் எடுத்துக்கொண்டது எங்கள் பக்கத்துச் சங்கதி. உப்பளங்களுக்கு அப்பால் ஓர் ஊரில் ஒருத்தி, புருஷனுக்குக் கருப்பட்டிக் காப்பியில் பூச்சிமருந்தைக் கலந்து கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று போலீஸ் பிடித்து வைத்திருந்தது. வழக்கு இன்னும் கோர்ட்டில் விசாரணைக்கே வரவில்லை. அதற்குள் படம் பிடிக்க ஓர் அடுக்களை வேண்டியிருந்தது. துறைமுகம் போகும் சாலையில் அப்பா கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருந்தார். டிவிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவர் கடைக்குப் பழக்கம். ஒரு நாளைக்குத்தானே அண்ணாச்சி, என்று கேட்டார். அப்பாவும் சரி என்றுவிட்டார்.

வந்தவர்கள் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரு பெரிய விளக்கை வைத்து அடுக்களைக்குள் ஒரு விடியற்காலையை உண்டாக்கினார்கள். வெளியே கண்ணைக் கூசும் உச்சிவெயில். உள்ளே லேசான மஞ்சள் விடியல். நான் வாசலுக்கும் அடுக்களைக்குமாக ஓடி ஓடி, மத்தியானத்திலிருந்து காலைக்கும் காலையிலிருந்து மத்தியானத்துக்கும் போய் வந்தேன். அப்படியொரு சுகத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

நடிக்க வரவேண்டிய பெண் மதுரையிலிருந்து வந்து சேரவில்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது என் அத்தை எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள், வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள், வாய் ஓயாமல் பாட்டுப் பாடுவாள். எனக்கு அம்மாவைவிட அவள்தான் அதிகம். டைரக்டர் டம்ளரையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். முகத்தை மங்கலாக்கிவிடுவோம் என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்கள்.

காப்பியில் ஒரு பொடியைப் போட்டுக் கலக்கவேண்டும், பிறகு நிமிர்ந்து லேசாகச் சிரிக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அத்தைக்குப் பொடியைப் போட வந்தது, சிரிக்க வரவில்லை. நாலைந்து தடவை எடுத்தும் அழுமூஞ்சியாகவே இருந்தாள். கடைசியில் திடீரென்று ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், நின்றவர்கள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். நான் மட்டும் தட்டவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நின்றது என் அத்தை மாதிரியே தெரியவில்லை.

நிகழ்ச்சி வந்த அன்று வீடு நிறையக் கூட்டம். முகத்தை மங்கலாக்கத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அத்தையின் முகத்தை அல்ல. ஜெயிலில் இருந்த அந்தப் பெண்ணின் போட்டோவைச் சட்டத்துக்குப் பயந்து கலங்கலாக்கிக் காட்டினார்கள். அத்தையின் முகத்தைத் திரை முழுக்கத் தெளிவாகக் காட்டினார்கள். மூலையில் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. நான் சி, த், த என்று கூட்டுவதற்குள் போய்விட்டது. சித்தரிக்கப்பட்ட காட்சி என்பதுதான் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எழுத்து தெரிந்த பெரியவர்களும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

முதலில் கேலிதான். ஏளா, எனக்கும் ஒரு காப்பி போடு, சொத்தெல்லாம் எழுதி வச்சிட்டுக் குடிக்கேன் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். அத்தை சிரிக்கும் துண்டை யாரோ வெட்டிச் செல்போனில் அனுப்ப, அது ஊர் ஊராகச் சுற்றியது. பிறகு கேலி நின்றுபோனது. அதோடு எங்கள் வீட்டில் காப்பி குடிப்பதும் நின்றுபோனது. வந்தவர்களெல்லாம் இப்போதுதான் குடித்தேன் என்றார்கள். தூத்துக்குடியில் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்கேதான் காப்பி குடித்தார்களோ.

ஊரைச் சொல்லி என்ன, எனக்கும்தான் பயம். அத்தை தருகிற டம்ளரைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றிவிடுவேன். மறுநாள் போய் வாழை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். அது என்னவோ முன்னைவிடச் செழிப்பாகத்தான் நின்றது.

நாசரேத் பக்கமிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கருப்பட்டியே வேண்டாம் என்று அம்மா புத்தியாகச் சீனி போட்ட பால்காப்பி வைத்தாள். அத்தை தட்டை ஏந்தி வந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கினவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை டம்ளரை வாய்வரை கொண்டுபோனார். அவருடைய அக்கா இருமினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அத்தை கதவோரம் நின்று ஒவ்வொரு டம்ளராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபிறகு ஆடை படிந்து கிடந்த காப்பியைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் ஊற்றினாள். அன்றைக்கு அவள் அழுதாள். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. அவளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் காப்பியைப் பார்த்தால் பயமாகவும் இருந்தது.

நான் நாலாம் வகுப்புப் படிக்கையில் ஒரு நாள் மெலிந்த ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். எங்கள் கடையில் கயிறு வாங்கும் லாரி டிரைவர் ஒருவர் வழி சொன்னாராம். காப்பி வழக்கில் உள்ளே இருந்தவள் தான்தான் என்றாள். கோர்ட்டு அவளை விடுதலை செய்திருந்தது. அவள் புருஷன் மருந்தைத் தானாகவே எடுத்துக் குடித்தார் என்று அங்கே தீர்ந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை எந்த டிவியும் நடித்துக் காட்டவில்லை.

அத்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதுக்கு தங்கச்சி அப்படிச் சிரிச்ச?"

அத்தை உள்ளதைச் சொன்னாள். எதிரே நின்ற டைரக்டர் அவசரத்தில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாராம். அதைக் கண்டதும் அடக்க முடியவில்லையாம். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கும் வந்தது. இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். காப்பி குடிக்கீங்களாக்கா என்று அத்தை பயந்து பயந்து கேட்டாள். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டம்ளரை வைத்துவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு பையன். அவள் உள்ளே இருந்த காலம் முழுக்க அவன் பெரியப்பா வீட்டில் வளர்ந்தான். அங்கே எல்லாரும் அந்தத் துண்டைப் போட்டுப் போட்டுக் காட்டி, இதுதாம்ல உங்கம்மா செஞ்சது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"கோர்ட்டு என்னைய விட்டுட்டு. எம் புள்ள விடமாட்டேங்கான். எங்கையால பச்சத்தண்ணிகூட வாங்க மாட்டேங்கான். அவரு தானாத்தான் குடிச்சாருன்னு அந்தப் பயகிட்ட எப்படிச் சொல்ல? ஒருதரம் வந்து உம் மூஞ்சியக் காட்டு, தங்கச்சி."

போலீஸ் விவகாரத்தில் மறுபடியும் தலையைக் கொடுக்கவேண்டாம் என்று அப்பா சத்தம்போட்டார். இப்போதுதான் ஊர் கொஞ்சம் மறந்து வருகிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்பது அவர் கவலை. அம்மா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கடைக்குப் போனதும் எனக்குப் பவுடர் போட்டு, போறதுதான் போற, இவளையும் கூட்டிட்டுப் போ என்று அத்தையோடு அனுப்பிவைத்தாள்.

பஸ் உப்பளங்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று, பார்க்கப் பார்க்கக் கண் சொருகியது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கால் தரையில் படாமல் காற்றில் மிதந்து நின்றன. நான் அத்தையின் மடியில் சாய்ந்து தூங்கித் தூங்கி விழித்தேன். நாங்கள் டிவிக்குள்ளேயே போய்க்கொண்டிருப்பது போல இருந்தது.

அந்தப் பெரியப்பா வீட்டு முற்றத்தில் நாங்கள் போய் நின்றதுமே ஆள் சேர்ந்துவிட்டது. அத்தையை எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது. ஒரு பையன் போட்டோ எடுக்கச் செல்போனைத் தூக்கினான். அவள் மகன் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் பார்த்தான். அந்தப் பெரியம்மாவும் முறைக்கவெல்லாம் இல்லை. இரண்டு வருஷம் சோறு போட்டு வளர்த்தவள், பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று நின்றாள். அவன் அம்மா கொஞ்சம் தள்ளி, கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றாள்.

அத்தை மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏலே, என்னைய நல்லாப் பாரு. டிவியில காப்பி கலக்குனது யாரு? உங்கம்மாவா, நானா?"

அவன் அம்மாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். வெகுநேரம் கழித்து விரலை நீட்டி அத்தையைக் காட்டினான். அங்கே நின்றவர்களுக்கு மூச்சு வந்தது. காரியம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் அவன் விரலை மடக்கவில்லை.

"அப்ப எங்கப்பாவக் கொன்னது நீயா?"

செல்போன் வைத்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான். அத்தை தலையைத் தூக்கி அவன் அம்மாவைப் பார்த்தாள். அவள், சொல்லவேண்டாம், சொல்லவேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அத்தை பையன் பக்கம் திரும்பினாள்.

"ஆமாய்யா. நாந்தான்."

"ஏன்?"

"தெரியாமச் செஞ்சிட்டேன்."

அவன் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அத்தையின் மேல் வீசினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னொரு பிடி அள்ளி வீசினான். பிறகு ஓடிப்போய் அவன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். அவள் செம்பை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் விக்கிக்கொண்டே குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது.

திரும்பி வரும்போது அத்தையின் தலைமுடியெல்லாம் மண். அவள் அதைத் தட்டிக்கூட விடாமல் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் அவள் மடியில் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தேன். அத்தை கொலை செய்திருக்கிறாள். அத்தனை பேருக்கு முன்னால் ஒத்துக்கொண்டும் விட்டாள். இனி போலீஸ் வரும், அத்தையைக் கொண்டுபோய்விடும். அதை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவள் யாரைக் கொன்றிருந்தால் எனக்கென்ன, அவள் என் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தைக் கழுவிவிட்டுக் காப்பி போட்டாள். நான் கொல்லைக்குப் போகவில்லை. அவள் கண்ணெதிரே உட்கார்ந்து முழு டம்ளரையும் குடித்தேன். அவள் என் தலையைக் கோதிவிட்டாள்.

அதற்குப் பிறகு தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடி நின்றுவிடுவேன். போலீஸ் கேட்டால் சொல்லவேண்டியதை யாருக்கும் தெரியாமல் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன்: எங்கத்தை செத்துப்போனவரு வீட்டுக்கே போகல. அன்னைக்கு எங்கூடத்தான் இருந்தா. எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. போலீசிடமே பொய் சொல்லப்போகிறோமே, சாமி கண்ணைக் குத்திவிடுமோ என்று நடுங்கிக்கொண்டுதான் அதை மனப்பாடம் செய்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியாது.