குமரனைப் பார்த்து எழுதிய பதில்

ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் அக்கா குடியிருக்கும் ஃபிளாட்டில், அவள் மகள் நோட்டில் எதையோ ரப்பரால் அழுத்தி அழித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் என்னைப் பதினாறு வயதில் படித்த நாலாம் பாரத்துக்கு இழுத்துப்போனது.

அன்று வகுப்பில் மனநலக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். வழக்கம்போல் எதையும் படிக்காமல், பக்கத்து மேசைக் குமரனைப் பார்த்து எழுதினேன். மறுநாள் கவுன்சலிங் டீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"தம்பி, வாழவே பிடிக்கலன்னு எழுதியிருக்கியே?"

சிரிக்கப்போன வாய் நின்றது. நான் பார்த்தெழுதி முடித்த பிறகு, தாளைக் கொடுக்குமுன், குமரன் தன் பதிலை வெகுநேரம் ரப்பரால் அழித்தது நினைவுக்கு வந்தது. சொன்னால் நட்பு போய்விடும். சொல்லாவிட்டால்?

"காப்பியடிச்சேன் டீச்சர். அது குமரனோட பதிலு. அவனக் கூப்பிடுங்க லா, இப்பவே!"

ஒரு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. இப்போது தினமும் போனில் திட்டுகிறான்.

அக்கா மகள் இன்னும் அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தடி அழிக்கிற? காட்டு, மாமா காப்பியடிக்கணும்."