உமாபதி சார் வெளியே நின்ற வெள்ளிக்கிழமை

உமாபதி சாருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பெரிய காஞ்சிபுரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கில வாத்தியார். அவருக்குப் போட்ட நாற்காலி இன்றைக்கும் புத்தம் புதிதாக இருக்கிறது. வகுப்பு முழுக்க நடப்பார். எந்தப் பிள்ளை வாய் திறந்தாலும் பக்கத்தில் போய் நின்று, முதல் பிழையிலேயே "ஸ்டாப்!" என்பார்.

பட்டுத்தறி வீட்டில் பிறந்தவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி அந்த நிமிடமே முடிச்சுப் போட வேண்டும், விட்டால் சேலை முழுக்கக் கோடு ஓடிவிடும் என்று அப்பா தலையில் குட்டிக் குட்டிச் சொன்ன பாடம் அது. பிள்ளைகளின் பேச்சையும் சார் அப்படியேதான் நிறுத்தினார். விளைவு, அவர் வகுப்பில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததில்லை. "இந்தக் காலத்துப் பசங்க வாயே தொறக்க மாட்டேங்குதுங்கப்பா" என்று மற்ற வாத்தியார்களிடம் புலம்புவார், பாவம்.

அப்போதுதான் ஒரு அறக்கட்டளை ஆறு விஆர் கண்ணாடிகளை மூன்று மாத சோதனைக்குக் கொடுத்தது. தலையில் மாட்டினால் வெளிநாட்டுக் காய்கறிச் சந்தை கண்முன் விரியும். கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்பார், நாமும் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். தாமலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒன்பதாம் வகுப்புத் துளசி, இரண்டு வருடமாக "பிரசன்ட் சார்" தவிர ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாதவள், அந்தச் சந்தையில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிய சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்டது. சார் ஓடிப்போய் "ஸ்டாப்! ஸ்டாப்!" என்றார். அவள் காதில் விழவே இல்லை. சந்தோஷத்தைவிட அவருக்கு எரிச்சல்தான் அதிகம். ஒரு டப்பாவிடம் பேசுகிறாள், என்னிடம் பேச மாட்டாளா?

மூன்று மாதம் முடிந்தது. வெள்ளிக்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஏஞ்சல் மேடம் வருகிறார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினால் கருவிகள் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சார் ஆறையும் சார்ஜில் போட்டார். அறையைப் பூட்டினார். பாதித் தெருவில் சந்தேகம் வந்து திரும்பி வந்து பார்த்தார். பஸ் ஸ்டாண்டு வரை போய் மறுபடி வந்தார். அந்த மூன்றாவது தடவை, கிளம்பும்போது கை பழக்கதோஷத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டது.

காலையில் ஆறு கண்ணாடியும் கண் திறக்கவில்லை. வந்து உட்கார்ந்துவிட்ட ஏஞ்சல் மேடத்தின் எதிரே சார் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"பரவால்ல சார், எங்கிட்டயே நேரா பேசட்டும்" என்றார் ஏஞ்சல்.

சார் துளசியை எழுப்பினார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "சார் எதிர்ல நின்னுக்கினு இருந்தா பேச்சே வரல மேடம். சார் கொஞ்சம் வெளிய போனா பேசறேன்."

சாருக்குக் காது சுட்டது. இத்தனை பேர் முன்னால், தன் மாணவியே தன்னை வெளியே போகச் சொல்கிறாள். வராந்தாவுக்கு வந்தார். அவமானத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்.

உள்ளே துளசியின் குரல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. தாமல் ஸ்டாப்பில் ஒருநாள் கூட்டத்தில் பையை மட்டும் பஸ்ஸுக்குள் கொடுத்துவிட்டாள், அவள் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். சார் விரல் விட்டுப் பிழைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, நான்கு. பை பஸ்ஸோடு போய்விட்டது. பைக்குள் அன்றைக்கு எழுத வேண்டிய உதவித்தொகைப் பரீட்சையின் ஹால் டிக்கெட். ஏழு. அதற்கு மேல் அவர் எண்ணவில்லை. நடக்கவும் இல்லை. உள்ளே ஏஞ்சல் சிரித்துக்கொண்டே, கருவிகள் இங்கேயே இருக்கட்டும் என்ற தாளில் கையெழுத்துப் போட்டதையும் கவனிக்காமல், வாசற்படியில் வந்து நின்றிருந்தார்.

துளசி அவரைப் பார்த்துவிட்டாள். பேச்சு அறுந்தது.

"வாட் ஹேப்பன்ட் டு தி பேக்?" என்றார் சார். அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

அவள் தயங்கினாள். "ஐ... ஐ ரன்னிங் சார். பஸ் நாட் ஸ்டாப்."

இரண்டு பிழை. "ஸ்டாப்!" சாரின் பல்வரை வந்தது. மென்று விழுங்கினார்.

"தென்?" என்றார்.