வடிகட்டி மூடியில் இரண்டு வளையம்

என் கணவர் எங்கள் பழைய மோட்டார் காருக்கு வீட்டிலேயே என்ஜின் எண்ணெயை மாற்றி, வடிகட்டியையும் கழுவி, கசியாமலிருக்கப் புதிய தோல் வளையம் வைத்து மூடினார். மறுநாள் மகளுக்கு இழுப்பு வந்து மூச்சுத் திணறவே, அவளை அதில் ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். சிறிது தூரத்திலேயே தீய்ந்த நாற்றம் அடித்தது. திரும்பிப் பார்த்தேன்.

“நிறுத்துங்க! ரோடெல்லாம் எண்ணெய் கொட்டிக்கிட்டு வருது!”

அவர் இறங்கிக் குனிந்து வடிகட்டி மூடியைப் பார்த்தார். “பழைய தோல் வளையம் மூடியிலேயே ஒட்டிக்கிட்டிருக்கு. கவனிக்காம அது மேலயே புதுசைப் போட்டதால மூடி இறுகல.”

ரிக்‌ஷா ஒன்றை மறித்து, பிள்ளையோடு நான் மட்டும் போனேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சு சீராகும்வரை கட்டில் பக்கத்திலேயே நின்றேன்.

இப்போதெல்லாம் பழைய வளையத்தை என் கையில் கொடுத்த பிறகுதான் அவர் புதியதை மாட்டலாம். என்ஜினைச் சற்று ஓடவிட்டு, அடியில் சொட்டுகிறதா என்று நானே பார்த்துவிட்டுத்தான் மகளை ஏற்றுகிறேன்.