பாலைத் தடுத்த இராசமலர்

இராசமலரைப் பற்றி எழுதுவதானால் 1994 ஏப்ரல் 21, வியாழக்கிழமை, பிற்பகல் 3.40 இலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவள் வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

உரும்பிராயில் என்னை மணிக்கூட்டோடு கூப்பிட்டால் அந்த வீட்டில் உயிர் பிரியப் போகிறது என்று பொருள். முப்பத்தொரு வருடம் ரயில் நிலைய அதிபராக, ஊருக்கு 'மாஸ்டராக' இருந்தவன் நான். போரால் ரயில் ஓட்டம் நின்ற பிறகும் என் மணிக்கூடு பிந்துவதில்லை. திவசத்துக்குத் திதி பிசகக்கூடாது என்று சாவு நேரம் குறிக்க என்னைத்தான் அழைப்பார்கள். அன்று குறிக்க வேண்டியிருந்தது இராசமலரின் மாமனார் நமசிவாயத்தின் நேரம். வயது எண்பத்தொன்று. பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து பதினான்கு மாதம்.

மகன் கனடாவில், கடிதம் வந்து ஏழு மாதம். கிழவரைப் பார்த்தவள் மருமகள் இராசமலர் ஒருத்திதான். அந்த மார்ச்சில், வீட்டில் முதியவர்களைப் பராமரிக்கும் பெண்களுக்காக, அரசாங்கப் பணத்தில் நல்லூரில் பத்து நாள் வகுப்பு நடந்தது. பதினெட்டுப் பேர். பெயர் பதிந்து வரவுப் புத்தகம் எழுதியவன் நான். ஒன்பது மணி வகுப்புக்கு இராசமலர் 8.50க்கே சைக்கிளை நிறுத்திவிடுவாள். படிப்பித்தவர் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த ஓய்வுபெற்ற தாதி, லூர்த்தம்மா மிஸி.

அந்தப் பத்து நாளும் கிழவரோடு இருந்தவள் அவருடைய மகள் பராசக்தி. "அப்புவைக் கழுவவும் கவுண்மேந்து படிப்பிக்குதோ?" என்று என்னிடமே கேட்டாள்.

நான் போனபோது அறையில் பதினொரு பேர். இருட்டினால் ஷெல் அடி தொடங்கும் என்று எல்லோருக்கும் அவசரம். கிழவர் மல்லாந்து கிடந்தார். கண் திறக்கவில்லை. தொண்டை கரகரத்தது. பராசக்தி பால் பருக்கத் தொடங்கியிருந்தாள். சாகிறவர் வாயில் பிள்ளைகளும் உறவினரும் ஒவ்வொரு கரண்டி பால் விட வேண்டும். விடாவிட்டால் அந்தக் குறையை ஊர் மறக்காது.

இரண்டாவது கரண்டியில் கிழவரின் முகம் நீலம் பாய்ந்தது. இராசமலர் பாய்ந்து பராசக்தியின் கையிலிருந்த டம்ளரைப் பிடித்தாள்.

"மச்சாள், நிப்பாட்டுங்கோ! பால் வயித்துக்குப் போகேல்லை, நெஞ்சுக்குள்ளை போகுது."

"விடடி கையை! என்ரை அப்புவுக்கு நான் பால் பருக்கக்கூடாதோ?"

"பருக்கினா இப்பவே செத்துப்போவார்."

"பருக்காமல் செத்தா? ஆர் பதில் சொல்லுறது, நீயோ உன்ரை மிஸியோ?"

இராசமலர் டம்ளரைப் பறித்தாள். அதை என்னிடம் நீட்டினாள். பாதிப் பால் நிலத்தில் சிந்தியது.

"மாஸ்டர், இதைப் பிடியுங்கோ. ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ."

பிடித்தேன். அவள் பிழைவிட்டால் பாலைத் தடுத்தவர்களில் நானும் ஒருவன் என்ற பயத்தோடு பிடித்தேன்.

அவள் கிழவரை இடப்பக்கம் சரித்து, தலையைத் தாழ்த்தி, விரலில் துணி சுற்றி வாயைத் துடைத்தாள். உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டினாள். 4.02க்கு மூச்சு நின்றது. டம்ளரை வைத்துவிட்டு, கொப்பியில் பேரையும் திகதியையும் எழுதிவிட்டேன். நேரத்தை எழுதப் பேனாவை வைக்கும்போது கிழவர் இருமினார். பாலும் சளியும் வெளியே வந்தன. பிறகு மூச்சு வந்தது. ஒரு கண் திறந்தது.

"மாஸ்டர், உங்கடை மணிக்கூடு இண்டைக்கு முந்தி ஓடிட்டுது," என்றார் பின்னால் நின்ற ஒருவர். ஒருவரும் சிரிக்கவில்லை. இராசமலர் கிணற்றடிக்குப் போய் அந்தத் துணியை அலசினாள்.

ஐந்தாம் நாள் பராசக்தி என் வீட்டு வாசல் படலைக்கு வந்தாள். "அடுத்த வகுப்புக்கு என்ரை பேரையும் எழுதுங்கோ." எழுதினேன். அடுத்த வகுப்புக்குக் காத்திருந்தவர்களில் அது இருபத்தாறாவது பெயர். பணம் ஒரு வகுப்புக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது என்று மே 16ஆம் திகதி கடிதம் வந்தது.

கடிதத்தை இராசமலருக்குக் காட்டினேன். கிழவரைப் பக்கம் மாற்றிக் கிடத்திவிட்டு, நின்றபடியே வாசித்தாள்.

"இன்னொரு வகுப்பு வந்தா மிஸியிட்டை ஒண்டு கேக்க இருந்தனான், மாஸ்டர்."

"என்ன?"

"எப்ப பாலைக் குடுக்கலாம் எண்டு. மெய்யாவே போற நாள் வந்தா அதை நான் எப்பிடி அறியிறது? அண்டைக்கும் தடுத்துப்போடுவனோ எண்டு பயமாய்க் கிடக்கு."

வரவுப் புத்தகத்தோடு என்னிடம் இருந்த வகுப்புக் குறிப்புகளை வீட்டில் இரண்டு முறை பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.