கோவக்காரிக்குக் கட்டாத பை

பன்னிரண்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் சொன்னால் ஏறும், அவர் சொன்னால் நிற்கும். வீட்டில் மட்டும் அவர் பேச்சு தரைத் தளத்தைத் தாண்டியதில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பவரும் அவரேதான். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்.

ஆறாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி. லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையை ஒட்டி ஐந்து தொட்டிகள். ஐந்திலும் மிளகாய்தான். பூச்செடி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "பூவைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிட முடியுமா?" என்பார். ஊசி மிளகாயைக் கடித்த இடத்திலேயே கணக்கு முடித்துவிடும் முரடன் என்பார். குண்டு மிளகாய் காய்ந்த பிறகுதான் பேசும். ஊதா மிளகாய் பார்க்க மகாராணி, வாயில் போட்டால் வெறும் புல். குடைமிளகாயை மிளகாய்ச் சாதியில் சேர்ப்பதே அநியாயம் என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டுக்காரி நாற்றாகக் கொடுத்ததை மறுக்க முடியாமல், முகதாட்சண்யத்துக்காக அதற்கும் ஒரு தொட்டி ஒதுக்கியிருந்தார்.

ஐந்தாவது தொட்டி அவர் மனைவியுடையது. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருத்தி வேலையை விட்டுப் போகும் நாளில் கொடுத்த விதை. கட்டைவிரல் நகமளவு, சுருங்கிய மஞ்சள் காய். வேறெங்கும் அதை அவர்கள் பார்த்ததில்லை. அவள்தான் அதற்குக் கோவக்காரி என்று பெயர் வைத்தாள். கடித்தவுடன் பழ வாசனை மட்டும் வரும். ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எட்டு வரை சாது. ஒன்பதில் தொண்டையைப் பிடிக்கும், பத்தில் காது அடைத்துவிடும். ஆளுக்கு ஒன்றைக் கடித்துவிட்டு இருவரும் சத்தமாக எண்ணுவார்கள். பத்தைச் சொல்லி முடித்தவர் ஜெயித்தவர். அநேகமாக அவள்தான் ஜெயிப்பாள்.

விதைக்கென்று விடும் பூக்களுக்கு அவள் பை கட்டுவாள். கம்பெனியில் மிஞ்சிய மெல்லிய துணியில் விரலளவு பைகளைத் தைத்து, மொட்டு விரியும் முன்பே நூலால் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்ப்பாள்.

"பூவுக்கு எதுக்குடி முகமூடி?"

"பக்கத்துத் தொட்டியில உக்காந்த வண்டு இங்க வந்து உக்காந்தா, அந்தக் காயில இருக்கற விதை நம்ம விதை இல்லைங்க. போட்டு வளர்த்தாதான் வண்டவாளம் தெரியும்."

அவருக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை.

பிறகு அவள் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. அறுத்தார்கள், கதிர் காட்டினார்கள், ஊசி ஏற்றினார்கள். இரண்டு வருஷத்தில் அவள் பாதியானாள். நாக்கில் உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. படுக்கையிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"பை கட்டினீங்களா?"

"கட்டினேன், கட்டினேன்."

இரண்டு வருஷமும் கட்டவில்லை. பைகள் தகர டப்பாவில் மடித்தது மடித்தபடி கிடந்தன. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவே யார் பூவைத் தேடிக்கொண்டிருப்பது? முதல் வருஷ விதையில் வந்த காய்கள் கொஞ்சம் பருத்திருந்தன. அவர் அதைத் தன் உரத்தின் மகிமை என்று நினைத்துப் பூரித்துப் போனார். பருத்த காயாகப் பார்த்து விதை எடுத்து, இருந்த அத்தனையையும் இந்த வருஷம் போட்டார். பிழைத்தது ஒரே செடி.

கட்டி மறுபடி வந்தது. டாக்டர் இன்னொரு சுற்று ஊசி என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாள் கெஞ்சிய பிறகு வாயைத் திறந்தாள்.

"கோவக்காரி பழுக்கட்டும். அது எனக்குத் தெரிஞ்சா ஊசி போட்டுக்கறேன். அதுவும் தெரியலைன்னா என்னை விட்டுடுங்க. ருசியே இல்லாம எதுக்கு உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது?"

அதற்குப் பிறகு அவர் தினமும் மூன்று தடவை மாடி ஏறினார். கைப்பிள்ளையைப் பார்ப்பது போல அந்தச் செடியைப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் காய் மஞ்சளாகியிருந்தது. பறித்து, இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனார்.

அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். மென்றாள். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். எட்டு. ஒன்பது. பத்து. அவள் பதினைந்து வரை போனாள். இருபதைத் தாண்டினாள். முப்பதில் விரல்கள் நின்றன.

"போச்சுங்க," என்றாள். "என் நாக்கு அவ்வளவுதான்."

அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சமையலறையில் மீதிப் பாதி இருந்தது. அவர் அதை வாயில் போட்டு எண்ணினார். பத்து வந்தது, இருபது வந்தது. ஒன்றுமில்லை. தண்ணீரும் இனிப்பும், அப்பட்டமான குடைமிளகாய். அவள் நாக்கின் மேல் பழியே இல்லை. பழி முழுக்க அந்தத் தகர டப்பாவுக்குள் இருந்தது.

ஓடிவந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இங்க பாரு, உன் நாக்கு போகலை. காயிலதான் காரம் இல்லை. நான் பையே கட்டலை. ரெண்டு வருஷமா உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் மெல்லத் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டினேன்னு எத்தனை தடவை சொன்னீங்க. இப்ப எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்களா?"

"சத்தியமாச் சொல்றேன்!"

"ஆஸ்பத்திரியில, நாளைக்குச் சரியாயிடும்னுகூடச் சத்தியம் பண்ணீங்க."

அவர் மாடிக்கு ஓடி ஊசி மிளகாய் நாலைந்தைப் பறித்து வந்தார். இதைக் கடி, ஒரே ஒரு கடி என்று கெஞ்சினார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அது தெரியாமல் போவதையும் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. காயில் காரம் இருக்கிறதென்று காட்டுவதற்காக, அத்தனையையும் அவரே அவள் எதிரில் வாயில் போட்டு மென்றார். தொண்டை எரிந்தது. பேச வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. கண்ணிலிருந்து கொட்டிய நீர் சட்டையை நனைத்தது.

அவள் தன் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதீங்க," என்றாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட, ஊசி வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."