குகன் அண்ணையின் ஆல்பமும் என் நாற்பது நிமிடமும்

கேட்காத ஓர் ஆல்பத்தைப் பற்றி நேற்று மேடையில் நாற்பது நிமிடம் பேசினேன்.

ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை! (சிரிக்காதீர்கள். வாசிக்காத புத்தகங்களுக்கு நீங்கள் பேசியதை எல்லாம் முன்வரிசையில் இருந்து கேட்டவன் நான்.)

ஆல்பம் குகன் அண்ணையுடையது. கனடாவில், ஸ்காபரோவில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். மிச்ச நேரத்தில் சதர்ன் ராக் பாண்ட் நடத்துகிறார்.

சதர்ன் ராக் என்றால் அமெரிக்காவின் தென்மாநிலத்துச் சங்கதி. மூன்று கிற்றார், நீண்ட சாலை, விட்டுப்போன காதலி. அண்ணை அதைத் தமிழில் செய்தார். சாலைக்கு எங்கள் 401 நெடுஞ்சாலை. காதலிக்குப் பதிலாக, விட்பியில் வீடு வாங்கிக்கொண்டு போன நண்பர்கள்.

இரண்டு வருடம் ஸ்டூடியோவில் கிடந்து எட்டுப் பாட்டு.

அதற்குள் தொண்டையில் ஒரு கட்டி. வரும் வியாழன் ஒப்பரேஷன். பேச்சு வரும், பாட்டு வருமா என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெளியீட்டு நாளான ஞாயிறு மட்டும் பாட அனுமதி.

போன மாதம் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, வெளியீட்டில நாலு பாட்டு லைவாப் பாடப்போறன். சனத்துக்கு முன்னால ஒருக்காப் பாடினாக் காணும். பிறகு என்னவும் நடக்கட்டும். நீதான் ஆய்வுரை. அனுப்பினதைக் கேட்டனியோ?"

"ஓமண்ணை! கண்ணெல்லாம் கலங்கிட்டுது!"

(லிங்க்கைத் திறக்கவே இல்லை.)

மோர்னிங்சைட் பக்கம் ஒரு ஹோல். இரண்டு மணிக்குத் தொடக்கம், ஐந்து மணிக்கு விட்டுவிட வேண்டும். நம் ஆட்கள் வந்து சேர இரண்டே முக்கால்.

நம் வெளியீடுகள் உங்களுக்குத் தெரியும். கவிதைப் புத்தகமோ ராக் ஆல்பமோ, விளக்கேற்றாமல் ஒன்றும் வெளியே வராது. மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை.

பிறகு தலைவர் அங்கிள் மைக்கைப் பிடித்தார்.

"தெற்கத்தைய இசையெண்டு போட்டிருக்கு. சிங்களத் தெற்கு எங்களுக்குச் செய்தது காணாதோ?"

"அங்கிள், அது அமெரிக்காவின்ர தெற்கு!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

"எந்தத் தெற்கெண்டாலும் நாங்கள் கவனமா இருக்கவேணும்" என்று இருபது நிமிடம்.

வாழ்த்துரை மூன்று. அதன் பிறகு அடியேன்.

கையில் இருந்தது அட்டைப்படம் மட்டும். ஒரு மஞ்சள் பஸ். "இந்த பஸ், புலம்பெயர்ந்த ஆன்மாவின் குறியீடு!" என்று ஆரம்பித்தேன். (அவர் ஓட்டும் பஸ்தான். வீட்டு வாசலில் நின்றபோது மகள் எடுத்த படம்.)

கை தட்டினார்கள். கை தட்டினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

அண்ணை மேடை ஓரத்தில் கிற்றாரை மடியில் வைத்தபடி இருந்தார். மணிக்கூட்டைப் பார்த்தாரோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

நான் இறங்க, சிறப்புப் பிரதி. ஒவ்வொருவராக ஏறி, வாங்கி, சிரித்து, படம் எடுத்து, இறங்கி... முப்பத்தெட்டுப் பேர்!

கடைசி ஆள் இறங்கியதும் அண்ணை எழுந்தார். வயரைச் செருகினார். ஒரு தரம் மீட்டினார்.

கதவு திறந்தது. கை நிறைய பலூன்களோடு இரண்டு பேர்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அஞ்சு மணியில இருந்து ஹோல் எங்களுக்கு. பிள்ளையின்ர முதலாவது பேர்த்டே."

அண்ணை பலூன்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வயரைக் கழற்றினார்.

பார்க்கிங்கில் ஸ்பீக்கரைத் தன் வானின் பின்கதவால் ஏற்றிக்கொண்டிருந்தார். போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"நல்லாப் பேசினாய் தம்பி. ஆனா ஆறாவது பாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"நேரம் காணாமப் போச்சண்ணை!"

"பரவாயில்லை. அது உனக்கெண்டு எழுதினது."

காரில் ஏறித்தான் அதைக் கேட்டேன். கனடா வந்த முதல் வருடம் நாங்கள் இருவரும் ஒரே வின்ரர் ஜாக்கெட்டை மாறி மாறிப் போட்ட கதை. அவர் காலை ஷிப்ட், நான் பின்னேர ஷிப்ட். கடைசி வரியில் அவர் குரல் உடைகிறது. ஸ்டூடியோவில் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பக்கத்து சீட்டில் மனைவி. 401இல் அஜக்ஸ் வந்தபோது கேட்டா: "அந்த மனிசனுக்கு வியாழக்கிழமை ஒப்பரேஷன். உங்கட வாய்க்கு எப்ப?"

 

மன்னிப்புக் கேட்க இன்று காலை போன் எடுத்தேன். மகள்தான் பேசினாள்: "சொறி அங்கிள், அப்பா நோ டோக்கிங் டில் தேர்ஸ்டே."

எழுதியாவது பாரத்தை இறக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. ஒரு மனிதன் கடைசியாகப் பாட இருந்த நாலு பாட்டை நான் தின்றுவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

சற்றுமுன் நேற்றுப் போட்ட சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பையில் நிகழ்ச்சி நிரல். அண்ணையே எழுதி அச்சடித்தது. தன் அத்தானின் கவிதை நூல் வெளியீட்டு நிரலைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஏற்புரைக்குப் பக்கத்தில் 'நூலாசிரியர்' என்று அப்படியே கிடக்கிறது.

மங்கல விளக்கில் இருந்து நன்றியுரை வரை பதினான்கு வரிகள்.

பாட்டு என்று ஒரு வரியும் இல்லை.